வளைகாப்பு வீட்டில் ஓ-வும் பி-யும்

நியூஜெர்சியில் பிஸ்கட்டவே என்கிற ஊரில் இருக்கும் நம் ஹீட்டர்-ஏசி கடையில், ஓய்வு பெற்று வேன் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று, என்னிடம் வேலை பழகிய நீங்கள் மூன்று பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அங்கிள், இத்தனை வருஷத்துல நீங்க பண்ணின பெரிய தப்பு எது?" என்று கேட்டீர்கள். கேக் வெட்டுகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா இது என்று மழுப்பிவிட்டேன். இப்போது வீட்டில் சும்மா இருக்கிறேன். சும்மா இருப்பவனுக்கு மழுப்பக் காரணம் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

ஷாக் அடித்த கதையோ ஏணியிலிருந்து விழுந்த கதையோ எதிர்பார்க்காதீர்கள். அந்த மாதிரித் தப்புகளை உடம்பே திருத்திவிடும். இது வேறு. வயரெல்லாம் சரியாக இருந்து, என் மீட்டரும் உண்மையையே சொல்லி, நல்ல மெஷின் ஒன்றைக் கெட்டுப்போனது என்று ஒரு வீடு நிறைந்த விருந்தாளிகளுக்கு முன்னால் நான் அறிவித்த கதை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின குளிர்காலம். சனிக்கிழமை காலை எட்டரை மணி. வெஸ்ட் வின்ட்சரிலிருந்து செந்தில் என்று ஒருவர் கூப்பிட்டார்.

"அங்கிள், வீடு ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கு. பத்தரை மணிக்கு என் வொய்ஃபுக்கு வளைகாப்பு. நாப்பது பேர் வராங்க. ஹீட் போட்டா இன்னும் குளிருது."

"ஹீட் வரலையா, இல்ல ஹீட் போட்டா குளிருதா? ரெண்டும் வேற வேற."

"குளிருது அங்கிள். ஏத்த ஏத்த இறங்குது."

"தெர்மோஸ்டாட் புதுசா மாட்டினீங்களா?"

"நேத்து சாயங்காலம்" என்றார்.

விசேஷத்துக்கு முந்தின நாள் எவராவது தெர்மோஸ்டாட் மாற்றுவார்களா என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருந்தது. அந்த வீட்டில் பழைய தெர்மோஸ்டாட், அதாவது வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி, மஞ்சள் பூத்துப்போய் ஹாலின் பெரிய சுவரில் இருந்தது. வளைகாப்பு நாற்காலியை அந்தச் சுவர் ஓரம்தான் போட முடியும். எல்லா போட்டோவிலும் மருமகளின் தலைக்கு மேல் அந்த மஞ்சள் பெட்டி தெரியும் என்று செந்திலின் அம்மா சரஸ்வதி அம்மாள் சொல்லியிருக்கிறார். உடனே கறுப்புக் கண்ணாடி போட்ட ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் ஒன்று வீட்டுக்கு வந்தது. போட்டோவுக்காக மாட்டப்பட்ட தெர்மோஸ்டாட்டை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்தவர் சரஸ்வதி அம்மாள். அரக்குப் பட்டுப் புடவை, அதன் மேல் மகனுடைய பனிக்கோட்டு, தலையில் கம்பளிக் குல்லாய், குல்லாயில் ஹேர்பின் குத்தி வைத்த மல்லிகைச் சரம். "வாங்க தம்பி, ஷூவக் கழட்ட வேண்டாம். கால் ஒறஞ்சு போயிரும்" என்றார். ஒரு தமிழ் வீட்டில் ஷூவோடு உள்ளே வரச் சொல்லி என்னிடம் வேறு யாரும் சொன்னதில்லை. நிலைமை எவ்வளவு மோசம் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

உள்ளே ஃபாரன்ஹீட்டில் ஐம்பத்தொன்பது டிகிரி, நம் ஊர்க் கணக்கில் பதினைந்து. அவசரத்துக்கு இருக்கும் மின்சார ஹீட்டர் போன குளிர்காலத்திலேயே எரிந்துபோய்விட்டது, மாற்றவில்லை. ஆக மொத்த வீடும் ஹீட் பம்ப் ஒன்றை நம்பித்தான் இருந்தது.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் வீட்டில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். ஹீட் பம்ப் என்பது இரண்டு பக்கமும் ஓடத் தெரிந்த ஏசி. கோடையில் வீட்டுச் சூட்டை வெளியே தள்ளும். குளிரில் வெளியிலிருக்கும் சூட்டை உள்ளே இழுக்கும். எந்தப் பக்கம் ஓடுவது என்பதை ஒரே ஒரு வால்வ் முடிவு செய்கிறது. சில மெஷினில் அந்த வால்வுக்குக் கரண்ட் கொடுத்தால் குளிர்ச்சி வரும். சிலதில் கரண்ட் கொடுத்தால் சூடு வரும். முதல் வகைக்கு ஓ என்றும் இரண்டாவது வகைக்கு பி என்றும் தெர்மோஸ்டாட்டில் ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். எழுத்து மாறினால் திசை மாறும். அவ்வளவுதான்.

பின்பக்கம் போய் வெளி யூனிட்டைப் பார்த்தேன். புல்வெளி முழுக்கப் பனி. யூனிட்டைச் சுற்றி மட்டும் பனி உருகி, வட்டமாகப் பச்சைப் புல் தெரிந்தது. மேலே கையை வைத்தால் இதமான சூடு. வீட்டில் இருந்த சூட்டை எல்லாம் அந்த மெஷின் மிகுந்த கடமை உணர்ச்சியோடு தோட்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றி உள்ளே ஒட்டியிருந்த வயரிங் படத்தைப் பார்த்தேன். பி வகை. தெர்மோஸ்டாட்டில் ஓ என்று இருந்தது. விரலால் தொட்டு பி என்று மாற்றினேன். ஐந்து நிமிடத்தில் கூரையோரத் துளைகளில் சூடான காற்று வந்தது.

செந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ரொம்பப் பெரிய மனுஷன் மாதிரி, "சின்ன விஷயம் சார்" என்று சொல்லிவிட்டு, வேனில் போய் உட்கார்ந்து சர்வீஸ் தாளை நிரப்ப ஆரம்பித்தேன். வேறு ஒரு வீட்டுக்காரர் போன் செய்ய, அவரோடு முக்கால் மணி நேரம் போய்விட்டது. கையெழுத்து வாங்கத் திரும்பி வந்தபோது மணி பத்தே முக்கால். ராகுகாலம் முடிந்து, நித்யாவை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். செந்திலின் மனைவி அவர்தான். ஏழு மாதம். விருந்தாளிகள் வந்து நிறைந்திருந்தார்கள். ஒருவரும் கோட்டைக் கழற்றவில்லை.

வீடு ஐம்பத்தெட்டு.

செந்தில் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

இந்த இடத்தில்தான் என் தப்பு ஆரம்பிக்கிறது. என்னை இந்த வேலையில் பழக்கியவர் ஒரு போர்ச்சுகீசியர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் ஐந்து நிமிடம் இரண்டு கையையும் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார். வாயைத் திறந்து வீட்டில் இருக்கிற எல்லாரிடமும் ஏதாவது கேட்பார், சின்னக் குழந்தையிடம்கூட. "வயர் எங்கேயும் ஓடிப்போகாது, ஆட்கள்தான் நகர்ந்துகொண்டே இருப்பார்கள்" என்பார். அன்று என் கை பாக்கெட்டில் இல்லை. நேராக வெளியே போனேன். யூனிட் மறுபடியும் சூடாக இருந்தது. தெர்மோஸ்டாட்டில் எழுத்து என்ன இருக்கிறது என்று நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என் விரலால் மாற்றியதை நானே ஏன் சரிபார்க்க வேண்டும்? எழுத்து சரி, வயர் சரி, மீட்டரில் யூனிட்டுக்கு வருகிற கரண்டும் சரி. அப்படியானால் வால்வ்தான் உள்ளுக்குள் சிக்கிக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் வால்வை நாலு தட்டுத் தட்டினேன். அது அசையவில்லை. எப்படி அசையும், அது சொன்ன வேலையைத்தானே செய்துகொண்டிருந்தது.

உள்ளே வந்து செந்திலிடம் சொன்னேன். "வால்வ் போயிடுச்சு சார். பார்ட் திங்கட்கிழமைதான் கிடைக்கும்."

நான் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் ஹால் அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"அங்கிள், ஒரு நிமிஷம்" என்று நாற்காலியிலிருந்து நித்யா கூப்பிட்டார்.

"நீ டென்ஷன் ஆகாதம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நான் வரிசையாகச் சொல்ல முயற்சிக்கிறேன். செந்தில் பக்கத்து ஊரான பிளெயின்ஸ்பரோவில் இருக்கும் நண்பருக்குப் போன் செய்து, அவர் வீட்டு பேஸ்மென்டுக்கு விசேஷத்தை மாற்றிவிடலாம் என்று ஏற்பாடு செய்தார். சரஸ்வதி அம்மாள் முடியாது என்றார். "மணையில ஒக்கார வெச்சாச்சு. முதல் வளையலும் போட்டாச்சு. நடுவால எந்திரிக்கக் கூடாது கண்ணு." சாப்பாடு மட்டுமாவது முதலில் போகட்டும் என்று எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம் என்று ட்ரே ட்ரேயாகக் காரில் ஏற்றினார்கள். சாதம் இடம் மாறிக்கொண்டிருந்தது. விசேஷம் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆன்ட்டிகள் ஒவ்வொருவராக வந்து வளையல் போட்டார்கள். கையுறை போட்ட கையால் கண்ணாடி வளையலைப் பிடித்துப் பாருங்கள், தெரியும். கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகிறது. ஒரு ஆன்ட்டி, நித்யாவின் கோட்டுக் கைக்கு மேலேயே வளையலைப் போட்டுப் பார்த்தார். அது மணிக்கட்டுக்கு முன்பே நின்றுவிட்டது. "பரவால்ல, நிக்குதுல்ல" என்றார்.

வளையல் போட்டு முடித்த ஒவ்வொருவரும் போகிற வழியில், நாற்காலிக்கு மேல் மின்னிக்கொண்டிருந்த தெர்மோஸ்டாட்டைத் தொட்டு இரண்டு டிகிரி ஏற்றிவிட்டுப் போனார்கள். நல்ல எண்ணத்தில்தான். எழுபத்திரண்டு எழுபத்தாறானது, எண்பதானது, எண்பத்திநாலானது. மெஷினும் அவர்கள் ஆசைப்பட்ட அளவுக்கு வேகமாகக் குளிரவைத்தது.

ஆண்களைக் காணோம். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எட்டுப் பத்து அங்கிள்கள் பின்தோட்டத்தில், பனி உருகிய பச்சை வட்டத்துக்குள், வெளி யூனிட்டைச் சுற்றி நின்று கையை நீட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். கிரீன் கார்டு வரிசை பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் காபி டம்ளரை யூனிட்டின் மேலேயே வைத்திருந்தார். அந்த வீட்டு எல்லைக்குள் மனிதர்கள் வாழத் தகுந்த ஒரே இடம் அதுதான்.

"அங்கிள்." மறுபடியும் நித்யா. குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "அத்தை ஹேண்ட்பேக்ல என் போன் இருக்கு. விசேஷத்துல போன் பாக்கக்கூடாதுன்னு வாங்கி வெச்சுக்கிட்டாங்க. அது பத்து மணியிலேருந்து அடிச்சுட்டே இருக்கு. ஒரு தடவை எட்டிப் பாத்தேன், தெர்மோஸ்டாட்னு வந்துச்சு. யாராவது எடுத்துப் பாருங்க, ப்ளீஸ்."

சரஸ்வதி அம்மாள் பையைத் திறந்தார். நான் வாங்கிப் பார்த்தேன். பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு அறிவிப்பு: நிறுவல் அமைப்பு பி-யிலிருந்து ஓ-வுக்கு மாற்றப்பட்டது. மாற்றியவர் பெயர் வேலுச்சாமி. அதன் கீழே ஆன்ட்டிகள் ஏற்றின டிகிரி எல்லாம் வரிசையாக இருந்தது.

"வேலுச்சாமி யாரும்மா?"

"மாமா" என்றார் நித்யா. "கோயமுத்தூர்ல இருக்காங்க."

செந்திலின் அப்பா. ஒரு நூற்பாலையில் முப்பது வருடம் எலக்ட்ரிகல் பிரிவைப் பார்த்தவர். மனைவிக்கு விசா வந்தது, அவருக்கு வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம், அதாவது அவருக்கு விடியற்காலை, வீடியோவில் உட்கார்ந்து வயர் வயராக மகனுக்குச் சொல்லிக்கொடுத்து தெர்மோஸ்டாட்டை மாட்ட வைத்தவர் அவர்தான். தெர்மோஸ்டாட்டைப் போனிலிருந்தே இயக்குகிற ஆப்பில் அவரையும் சேர்த்திருந்தார்கள். அந்த மாடலில் நிறுவல் அமைப்பைக்கூட ஆப்பிலிருந்தே மாற்றலாம்.

செந்தில் போனைப் பிடுங்காத குறையாக வாங்கி வீடியோ போட்டார். "அப்பா, என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?"

திரையில் நெற்றியில் திருநீறு பூசிய முகம். விசேஷத்துக்காக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "நானொன்னும் பண்ணலியேடா. யாரோ பி-ன்னு மாத்தி வெச்சிருந்தாங்க. விசேஷ நேரத்துல உன்ன எதுக்குத் தொந்தரவு பண்ணோணும்னு நானே சரி பண்ணி உட்டுட்டேன்."

"நீங்க சரி பண்ணினதாலதான் இங்க எல்லாரும் நடுங்கறோம். உங்கள ஆப்புல இருந்து எடுக்கறேன் இருங்க."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "எடுத்துரு" என்றார். ஆனால் சட்டையின் மேல் பட்டனைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அவரை ஆப்பிலிருந்து எடுப்பது ஒரு நொடி வேலை. வீடும் சூடாகிவிடும். ஆனால் அந்த மனிதரால் பேரக்குழந்தைக்காகச் செய்ய முடிந்தது அந்த ஓர் எழுத்துதான். தவிர, எலக்ட்ரிகல் ஆளுக்கு நீ தப்பு என்று சொன்னால் போதாது; தன் கண்ணால் பார்க்காததை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். நானும் அந்த ஜாதிதான். நான் சொல்லி எழுத்தை மாற்றினால், நாளைக்கு மகனைத் தூண்டி இன்னொரு முறை மாற்ற வைப்பார்.

போனை நான் வாங்கிக்கொண்டேன். "சார், வணக்கம். நான்தான் பி-ன்னு வெச்சது. உங்க கணக்கு தப்பில்லைங்க. பெரும்பாலும் ஓ-தான் வரும்."

"அதத்தானுங் சார் நானும் சொல்றேன். மேனுவல மூணு தடவ படிச்சனுங்."

"இந்த மெஷின் அந்தக் கணக்குல வராதுங்க. படத்தையே காட்டறேன், நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

பின்தோட்டத்துக்குப் போனேன். அங்கிள்கள் வழிவிட்டார்கள். மூடியைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த வயரிங் படத்துக்கு நேராகப் போனைப் பிடித்தேன்.

"வெய்யில் அடிக்குதுங். எழுத்துத் தெரியல."

இரண்டு அங்கிள்கள் கோட்டை விரித்து நிழல் பிடித்தார்கள். இன்னொருவர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தானும் குனிந்து படித்தார். கோயம்புத்தூரிலிருந்து எழுத்துக்கூட்டுகிற முணுமுணுப்பு கேட்டது. விரலை வைத்து வைத்துப் படிக்கிறார் என்று தெரிந்தது.

"பி-தானுங்" என்றார்.

"நீங்களே மாத்திடுங்க சார்."

"நானா?"

"ஆமாங்க. உங்க கையாலேயே."

மாற்றினார். இப்படிப்பட்ட நேரத்தில் மெஷின் உடனே கிளம்பாது. கம்ப்ரஸருக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்துத்தான் ஓடும். அந்தச் சில நிமிடமும் காத்து நின்றோம். திரையில் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் கோட்டை விரித்தபடியே நின்ற இரண்டு பேர். பிறகு வால்வ் புஸ் என்று ஒரு பெருமூச்சு விட்டது. விசிறி சுற்ற ஆரம்பித்தது.

யூனிட்டின் மேல் கை வைத்திருந்த அங்கிள் வெடுக்கென்று கையை எடுத்தார். என்னைப் பார்த்து வருத்தமாகச் சொன்னார். "சார், இவ்வளவு நேரம் நல்லா ஓடிட்டிருந்துச்சு. இப்ப கெட்டுப்போச்சு. ஜில்லுனு அடிக்குது."

அதைவிட நல்ல சர்டிஃபிகேட் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. அவர்கள் எல்லாரும் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு முணுமுணுத்தபடி வீட்டுக்குள் போனார்கள்.

அடுத்த வேலைதான் கடினம். வால்வ் போய்விட்டது என்று எங்கே நின்று சொன்னேனோ அங்கேயே நின்று, "வால்வ் நல்லாத்தான் இருக்கு. நான் பாக்காம சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றேன். நம் தொழிலில் இதைச் சொல்லப் பலருக்கு நாக்கு எழாது. அப்பா செய்த வேலை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். செந்திலே அப்படித்தான் நினைத்திருந்தார். ஆனால் அப்பா செய்தது ஓர் எழுத்து. திரும்பிப் பார்க்காமல் இருந்தது நான். முதல் முறை கூப்பிட்டபோதே அந்தப் பெண்ணை டென்ஷன் ஆகாதே என்று அடக்கியதும் நான். மெஷின் பற்றி அந்த வீட்டில் உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர். நாற்காலியை விட்டு எழ முடியாதவர் என்பதால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட்டேன்.

"நான் அப்பவே சொன்னேனே அங்கிள்" என்றார் நித்யா.

"ஆமாம்மா. நான்தான் கேக்கல."

சாதம் எல்லாம் காரிலிருந்து இறங்கித் திரும்ப வந்தது. ஒரு மணி நேரத்தில் வீடு எழுபதைத் தாண்டியது. சோபா மேல் கோட்டுகள் மலையாகக் குவிந்தன. நித்யாவின் கோட்டைக் கழற்றி, மேலே மாட்டியிருந்த வளையல்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, முறையாகக் கையில் போட்டார்கள். சரஸ்வதி அம்மாள் போனை ஒரு பூச்சாடியில் சாய்த்துவைத்தார். கோயம்புத்தூரிலிருந்து எல்லாம் தெரிகிற மாதிரி. நான் புளி சாதம் சாப்பிட்டேன். மறுக்கிற தகுதி அன்று எனக்கு இல்லை.

கிளம்பும் முன் ஒரு வேலை செய்தேன். டிகிரியை ஏற்றி இறக்க எல்லாருக்கும் விட்டுவிட்டு, ஓ, பி இருக்கிற அந்தப் பகுதிக்கு மட்டும் நான்கு எண்ணில் ஒரு பூட்டுப் போட்டேன். வேலுச்சாமி ஐயாவிடமும் சொல்லிவிட்டேன். பூட்டுவதுதான் முறை என்று அவரே ஒத்துக்கொண்டார். எண்ணை ஒரு சின்னத் தாளில் எழுதி மடித்து நித்யாவின் கையில் கொடுத்தேன்.

வாசல் வரை வந்த செந்தில் கேட்டார். "அங்கிள், அந்தப் பூட்டு நம்பர் என்னன்னு சொல்லல?"

"உங்க வொய்ஃப் கிட்ட இருக்கு. கேட்டு வாங்கிக்குங்க."

அவர் திரும்பி, "நித்யா, பூட்டு நம்பர் என்ன?" என்றார்.

நித்யா இரண்டு கை நிறைய வளையலையும் குலுக்கிக் காட்டி, ஒன்றும் காதில் விழவில்லை என்று சைகை செய்தார்.